உடலில் கண்டங்கள் இல்லாத சிபன்குலா புழு, மண்புழுவுக்கு எப்படி உறவாகும்?

மண்புழுவின் உடலில் வளையம் வளையமாகத் தெரிபவைதான் கண்டங்கள். கடலடி மணலிலும் பாறை இடுக்கிலும் வாழும் சிபன்குலா புழுவுக்கு அவை கிடையாது. உடல் முழுக்க ஒரே பை, உள்ளே திரவம். சுருங்கினால் நிலக்கடலை போல இருப்பதால் கடலைப் புழு என்றும் சொல்வார்கள். ஏறத்தாழ 150 இனங்கள் உண்டு.

இதன் முன்பகுதி, சட்டைக் கையை உட்புறமாக இழுத்துவிடுவது போல உடலுக்குள் போய்விடும். தசைகள் உள்ளே இழுக்கும். திரவத்தின் அழுத்தம் வெளியே தள்ளும். இன்னொரு வேடிக்கை, குடல் பின்னால் போய் முறுக்கிக்கொண்டு திரும்பி வருகிறது. மலத்துளை உடலின் முன்பக்கம், முதுகில் இருக்கிறது. வளைக்குள்ளேயே வாழும் பிராணிக்கு இது வசதிதானே!

சரி, வகைப்பாடு? நெடுங்காலம் இதைத் தனித் தொகுதியாகவே வைத்திருந்தார்கள். அப்புறம் மரபணு ஒப்பீடுகள் இது மண்புழு, அட்டை அடங்கிய வளையப்புழுத் தொகுதிக்குள்தான் வருகிறது என்று காட்டின. மூதாதைக்கு இருந்த கண்டங்களை இது பிற்பாடு இழந்துவிட்டது. சில இனங்களின் இளம்பருவ நரம்பமைப்பில் அந்தக் கண்டங்களின் தடயம் கொஞ்ச காலம் தலைகாட்டி மறைகிறது.

கண்டமில்லாத புழுக்களெல்லாம் நெருங்கிய உறவு என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் கண்டமே இல்லாத உருளைப்புழு, சிபன்குலாவைவிடப் பூச்சிகளுக்குத்தான் நெருக்கம்.