எண்பத்தேழா, எழுபத்தெட்டா?

"ஜெர்மன் படிக்கிறேன், எண்கள் மட்டும் மண்டையில் ஏறவே இல்லை. ஏன் இப்படிக் கிறுக்குத்தனமாக எண்ணுகிறார்கள்?" என்று கேட்டிருக்கிறீர்கள். நீங்களும் என்னைப் போல நர்சிங் முடித்துவிட்டு பி1, பி2 என்ற ஜெர்மன் மொழித் தேர்வுகளுக்குப் படித்துக்கொண்டிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். கேட்டு எழுதும் பகுதியில் போன் நம்பர் வந்ததும் கை நின்றுவிடும். எனக்கும் நின்றது. ஆனால் அந்தக் "கிறுக்குத்தனம்" என்ற சொல் மட்டும் வேண்டாம். நானும் அதைச் சொன்னவள்தான், ஒரே இரவில் விட்டுவிட்டேன்.

ஜெர்மனிக்கு வந்து ஐந்தாவது மாதம், நைட் ட்யூட்டி. எண்பது வயதைத் தாண்டிய ஒரு பெரியவர், அந்தக் காலத்தில் டிராம் ஓட்டியவர். விடிந்தால் ஆபரேஷன். தூக்கம் வரவில்லை, மகளிடம் பேச வேண்டும் என்றார். நம்பரை இரண்டிரண்டு இலக்கமாகச் சொன்னார். "ஸீபென் உண்ட் ஆக்ட்ஸிஷ்". அதாவது ஏழும் எண்பதும், 87. காதில் முதலில் ஏழு விழுந்தது, 7 எழுதினேன். அப்புறம் எட்டு விழுந்தது, 8 எழுதினேன். 78 ஆகிவிட்டது. அடுத்து "டிரை உண்ட் ஃபியர்ட்ஸிஷ்", மூன்றும் நாற்பதும். 43 என்பதை 34 என்று எழுதினேன். போனை எடுத்தவர் யாரோ. தூக்கத்தில் எழுப்பியதற்குத் திட்டிவிட்டு வைத்தார். மறுபடியும் அதே நம்பர், அதே திட்டு. மகள் நம்பரை மாற்றிவிட்டாள் போலிருக்கிறது, என்னிடம் சொல்லவில்லை என்று அவர் மெதுவாகச் சொன்னபோது எனக்கு அடிவயிறு கலங்கிவிட்டது.

தாளைக் கொடு என்று வாங்கிப் பார்த்தார். என் பேனாவாலேயே ஒரு இலக்கத்துக்கு இடம் விட்டு, முதலில் 7 எழுதினார். பிறகு அதற்கு இடப்பக்கம் 8 எழுதினார். சின்ன வயதில் அப்படித்தான் எழுதுவாராம். இந்த முறை முதல் மணியிலேயே மகள் எடுத்துவிட்டார்.

பேசி முடித்தபின், மனசு பொறுக்காமல் அவரிடம் கேட்டேன்: "எங்கள் தமிழில் எண்கள் நேராகப் போகும். நீங்கள் ஏன் இப்படிச் சுற்றி வருகிறீர்கள்?" எங்கே, பத்துப் பத்தாகச் சொல்லு பார்ப்போம் என்றார். சொன்னேன். எழுபது, எண்பது, தொண்ணூறு, நூறு. அவர் கையை உயர்த்தினார். "கடைசி இரண்டிலும் ஒரே சத்தம் வருகிறதே சிஸ்டர்? தொண்ணூறுக்குள் நூறு எப்படி வந்தது?"

பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ் மீடியத்தில் படித்தவள் நான். அதுவரை அது என் கண்ணில் படவே இல்லை. எட்டும் பத்தும் சேர்ந்தால் எண்பது, சரி. ஒன்பதும் பத்தும் சேர்ந்தால் நூறு ஏன் வர வேண்டும்? ஒன்பதும் நூறும் சேர்ந்தால் தொள்ளாயிரம், அதில் ஆயிரம் உட்கார்ந்திருக்கிறது. ஒன்பது என்ற சொல்லின் வாலிலேயே "பது" இருக்கிறது. மூன்றுமே அடுத்த படியைத் தொட்டுக்கொண்டு நிற்கும் சொற்கள். தமிழ்ப் பேராசிரியர்கள் சண்டைக்கு வரவேண்டாம், ஒன்பதும் பத்தும் புணர்ந்து தொண்ணூறு ஆவதற்குத் தொல்காப்பியத்திலும் நன்னூலிலும் விதி இருப்பது இப்போது எனக்குத் தெரியும். ஒன்பதுக்குத் "தொண்டு" என்ற பழைய சொல் உண்டு என்பதும் தெரியும். தாய்மொழியில் இத்தனை வருஷம் கவனிக்காததை ஒரு டிராம் டிரைவர் காதால் பிடித்தார் என்பதுதான் நான் சொல்வது.

அதற்குப் பிறகு ஐரோப்பாவில் யாரைப் பார்த்தாலும் எண்ணச் சொல்லிக் கேட்க ஆரம்பித்தேன். பிரான்ஸில் எழுபது என்பது "அறுபது பத்து", எண்பது "நான்கு இருபது", தொண்ணூறு "நான்கு இருபது பத்து". இருபது இருபதாக எண்ணும் பழக்கம் அங்கே ஒரு காலத்தில் இன்னும் பரவலாக இருந்திருக்கிறது. பாரிஸில் 13ஆம் நூற்றாண்டில் ஒன்பதாம் லூயி மன்னர் பார்வையற்ற முந்நூறு பேருக்காக ஏற்படுத்திய இல்லத்தின் பெயரே "பதினைந்து இருபதுகள்". இன்றும் அதே பெயரில் கண் மருத்துவமனையாக நடக்கிறது. பக்கத்து பெல்ஜியத்திலும் சுவிட்சர்லாந்திலும் அதே பிரெஞ்சு பேசுபவர்கள் எழுபதுக்கும் தொண்ணூறுக்கும் நேரான தனிச் சொல் வைத்திருக்கிறார்கள்.

டேனிஷ்தான் எனக்கு ரொம்பப் பிடித்தது. ஐம்பதுக்கு "ஹால்ட்ரெஸ்" என்பார்கள். அதன் முழு வடிவத்தைப் பிரித்தால் "பாதி-மூன்றாவது தடவை இருபது". மூன்றாவதில் பாதி என்றால் இரண்டரை. இரண்டரை இருபது ஐம்பது. ஜெர்மன்காரர்கள் ஒன்பதரை மணியை "பாதி பத்து" என்பதும் இதே கணக்குதான். ஃபின்னிஷில் எட்டும் ஒன்பதும் பத்துக்கு இரண்டு குறைவு, ஒன்று குறைவு என்ற பொருளில் பிறந்தவை என்கிறார்கள். லத்தீனில் பத்தொன்பது "இருபதுக்கு ஒன்று குறைவு". நம் பத்தொன்பதிலும் அந்தப் "பது" இருக்கிறது, பாருங்கள்.

மாற்ற முடியாதா என்றால், நார்வே மாற்றியது. அங்கேயும் ஒன்றும் இருபதும் என்றுதான் சொல்லி வந்தார்கள். போன் நம்பர்கள் தப்பாகப் போகின்றன என்பதால் 1951 முதல் "இருபத்தொன்று" என்ற வரிசையை அதிகாரபூர்வமாக்கினார்கள். வயதானவர்கள் பலர் இன்னும் பழையபடியே சொல்கிறார்கள். ஜெர்மனியிலும் போகும் (Bochum) என்ற ஊரில் ஒரு கணிதப் பேராசிரியர் இதற்காகவே ஒரு சங்கம் தொடங்கினார். இதுவரை எதுவும் மாறவில்லை.

இதையெல்லாம் ஊரில் நான் படித்த பயிற்சி நிலையத்தில் ஒருவர்கூடச் சொல்லவில்லை. எண்களுக்கு ஒதுக்கியது ஒரே ஒரு மத்தியானம். ஆனால் ஒரிஜினல் சர்டிபிகேட்டை மட்டும் முதல் நாளே வாங்கி வைத்துக்கொண்டார்கள். நடுவில் அப்பாவுக்கு உடம்பு முடியாமல் போய், வேறு வேலைக்கு விண்ணப்பிக்கக் கேட்டபோது, மீதிப் பணம் கட்டினால்தான் தருவோம் என்றார்கள். ஏழு மாதம் நடந்தேன். கேள்விக்குச் சம்பந்தம் இல்லைதான், ஆனாலும் சொல்லிவிடுகிறேன்: யார் கேட்டாலும் ஒரிஜினலைக் கொடுக்காதீர்கள், நகல் போதும்.

சரி, உங்கள் தேர்வுக்கு வருகிறேன். எண் காதில் விழுந்ததும் இடம் விட்டு வலப்பக்க இலக்கத்தை முதலில் எழுதுங்கள். "உண்ட்" கேட்கும்போது பேனா இடப்பக்கம் போயிருக்க வேண்டும். ஒரு வாரம் பஸ் நம்பர், கடை பில் எல்லாவற்றையும் அப்படி எழுதிப் பழகினால் கை தானாகப் போகும். இன்றும் வார்டில் பிரஷரும் டெம்பரேச்சரும் யாராவது வாயால் சொன்னால் நான் அப்படித்தான் எழுதுகிறேன். எழுதிய பிறகு ஒவ்வொரு இலக்கமாகத் திருப்பிச் சொல்லியும் கேட்டுக்கொள்கிறேன்.