எதில் வைத்தாலும் ஏழு!

கல்லூரி வேதியியல் லேப்பில் உதவியாளராக இருந்து ஓய்வுபெற்ற மதுரைக்காரர் பதில் சொல்கிறார். இந்த முறை வந்தவை எல்லாம், அமிலமா காரமா என்று எண்ணில் சொல்லும் (ஏழு என்றால் நடுநிலை) பி.எச். மீட்டர் பஞ்சாயத்து!

கேள்வி: ஐயா, கோடை விடுமுறையில் காய்ந்துவிடக் கூடாதே என்று மீட்டரின் கண்ணாடி முனை எலெக்ட்ரோடை டிஸ்டில்டு வாட்டரில் போட்டு வைத்தேன். இப்போது ரீடிங் ஒரு இடத்தில் நிற்காமல் ஊர்ந்துகொண்டே இருக்கிறது. புதிது வாங்கச் சொல்லிவிடட்டுமா?
– லேப் உதவியாளர், உசிலம்பட்டி

பதில்: அவசரப்படாதீங்கம்மா. காயவிடக் கூடாது என்று நினைத்தது சரி, ஊறவைத்த தண்ணீர்தான் தப்பு. கண்ணாடிக் குமிழின் மேல் தண்ணீரில் ஊறிய மெல்லிய படலம் ஒன்று இருக்கிறது. பி.எச்.சை உணர்வதே அதுதான். உப்பே இல்லாத தண்ணீரில் நாள்கணக்கில் கிடந்தால் அந்தப் படலத்தில் இருக்கும் அயனிகள் வெளியேறும். எலெக்ட்ரோடுக்குள் இருக்கும் பொட்டாசியம் குளோரைடும் ஜங்ஷன் என்ற நுண்துளைப் பகுதி வழியே கசிந்து நீர்த்துப்போகும்.

உங்கள் அலமாரியிலேயே பொட்டாசியம் குளோரைடு பாட்டில் இருக்கும். 22.4 கிராம் எடுத்துக் கரைத்து 100 மில்லி ஆக்குங்கள், 3 மோலார் கரைசல் தயார். பக்கவாட்டில் துளை உள்ள மாடல் என்றால் உள்ளே இருக்கும் பழைய கரைசலைச் சிரிஞ்சால் உறிஞ்சிவிட்டு, அந்த மாடலுக்குச் சொல்லியிருக்கும் கரைசலைப் புதிதாக ஊற்றுங்கள். பிறகு ஒரு ராத்திரி முழுக்க இந்த 3 மோலார் கரைசலில் ஊறட்டும். மறுநாளும் ஊர்ந்தால் ஜங்ஷன் அடைத்திருக்கலாம். அது குமிழுக்குச் சற்று மேலே வெள்ளைப் புள்ளியாகத் தெரியும். அதே கரைசலை 60 டிகிரிக்குச் சூடாக்கி, பத்து நிமிடம் எலெக்ட்ரோடை அதில் நிறுத்தி, அப்படியே ஆறவிடுங்கள். அளக்கும்போது அந்தப் பக்கத் துளையின் மூடி திறந்திருக்க வேண்டும். பாதிப் பேர் திறப்பதே இல்லை.

அப்புறம் பி.எச். 7, 4 என்று அளவு தெரிந்த பஃபர் கரைசல்களில் வைத்து மில்லிவோல்ட்டைப் பாருங்கள். 25 டிகிரியில் ஒரு பி.எச்.சுக்கு 59.16 மில்லிவோல்ட் என்பது கணக்கு. மூன்று பி.எச். இடைவெளிக்குச் சுமார் 177 வர வேண்டும். 168-க்கு மேல் வந்தால், அதாவது வர வேண்டியதில் எத்தனை சதவீதம் வருகிறது என்று சொல்லும் ஸ்லோப் 95 சதவீதம் தாண்டினால், இன்னும் ஓட்டலாம். இத்தனையும் செய்தும் 90 சதவீதத்துக்குக் கீழே நின்றால் தாராளமாக, புதிது வாங்கக் கேட்கும் இன்டென்ட் எழுதுங்கள். முதல்வர் ‘ஏன்?’ என்று கேட்டால் காட்ட அந்த எண்ணையும் கூடவே குறித்து வையுங்கள். வெறும் ‘பழுது’ என்று எழுதிய இன்டென்ட் எத்தனை மேஜை சுற்றும் என்று எனக்குத் தெரியும்.

கேள்வி: எங்கள் சாயப்பட்டறை மீட்டர் எதில் வைத்தாலும் ஏழைத்தான் காட்டுகிறது. சோடா ஆஷ் போட்ட தொட்டியிலும் ஏழு, வினிகரிலும் ஏழு!
– சுங்குடித் தொழில் செய்பவர், மதுரை

பதில்: குமிழ் விரிசல் விட்டிருக்கும். வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பாருங்கள், மயிரிழைக் கோடு தெரியலாம். விரிசல் விட்டால் உள்ளும் புறமும் ஒன்றாகி மில்லிவோல்ட் பூஜ்யத்தில் நிற்கும், பூஜ்யம் என்றால் மீட்டருக்கு ஏழு. ஒயர் சொருகும் இடத்தில் ஈரம் இறங்கினாலும் இப்படித்தான் வரும், அதை முதலில் துடைத்து உலர்த்திப் பாருங்கள். விரிசல்தான் என்றால் வைத்தியம் கிடையாது.

கேள்வி: பாலில் அளக்கிறோம். காலையில் சரியாக இருக்கும் எலெக்ட்ரோடு, மதியத்துக்குள் மந்தமாகிவிடுகிறது.
– பால் சேகரிப்பு மையம், சோழவந்தான் பக்கம்

பதில்: பால் புரதமும் கொழுப்பும் குமிழில் ஆடையாகப் படிந்திருக்கும். ஒவ்வொரு முறை அளந்ததும், காய்வதற்குள், வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் அலசி, பிறகு டிஸ்டில்டு வாட்டரில் கழுவுங்கள். வாரம் ஒருமுறை, 0.1 நார்மல் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் பெப்சின் கரைத்து அரை மணி நேரம் வையுங்கள், புரதம் கரைந்து போகும். வேட்டித் துணியால் அழுத்தித் தேய்க்கிற பழக்கம் இருந்தால் இன்றோடு விடுங்கள். டிஷ்யூவால் ஒற்றி எடுத்தால் போதும்.

கேள்வி: அண்ணே, மல்லித் தோட்டத்து மண்ணைப் பேனா மீட்டரில் பார்த்தால் 8.1. மண் பரிசோதனை நிலையம் 8.6 என்கிறது. 7, 4 இரண்டிலும் காலிபரேட் செய்துதான் பார்த்தேன். யாரை நம்புவது?
– விவசாயி, அவனியாபுரம்

பதில்: நிலையத்தை நம்புங்கள் தம்பி. மண் எட்டுக்கு மேலே இருக்கும்போது ஏழும் நாலும் வைத்துச் சரிபார்த்து என்ன பயன்? அளக்கப்போவது இரண்டு பஃபர்களுக்கு நடுவில் விழ வேண்டும். 7-உம் 9.2-உம் வாங்குங்கள். பஃபர் கேப்ஸ்யூலைப் பேட்டரிக் கடை டிஸ்டில்டு வாட்டரில் கரையுங்கள், கேன் தண்ணீர் ஆகாது. 9.2 பஃபர் திறந்து கிடந்தால் காற்றின் கார்பன் டை ஆக்ஸைடை இழுத்து இறங்கிவிடும். எடுத்து ஊற்றியதைத் திரும்பப் பாட்டிலில் கொட்டாதீர்கள். சித்திரை வெயிலில் வரப்பில் வைத்து காலிபரேட் செய்வதும் வேண்டாம். 25 டிகிரியில் 9.18 இருக்கும் அந்தப் பஃபர் 35 டிகிரியில் 9.10 ஆகிவிடும்.

இன்னொன்று, ஈர மண்ணில் நேராகக் குத்தியிருந்தால் அது கணக்கிலேயே சேராது. ஒரு பங்கு உலர்ந்த மண்ணுக்கு இரண்டரைப் பங்கு தண்ணீர் விட்டு, அரை மணி நேரம் அவ்வப்போது கலக்கிவிட்டு அளந்து பாருங்கள். அப்போதும் அரைப் புள்ளி வித்தியாசம் வந்தால் மறுபடி எழுதுங்கள்.