தொப்பையை மட்டும் குறைக்கும் உடற்பயிற்சி என்று ஒன்று இருக்கிறதா?

கேள்வி: தினமும் 200 க்ரஞ்ச் (மல்லாந்து படுத்துத் தோள்களை மட்டும் தூக்கும் வயிற்றுப் பயிற்சி) செய்கிறேன். இரண்டு மாதமாகியும் தொப்பை அப்படியே இருக்கிறது. வயிற்றுக் கொழுப்பை மட்டும் கரைக்கும் பயிற்சி உண்டா? எங்கே தவறு செய்கிறேன்?

வயிற்றை மட்டும் குறிவைத்துக் கொழுப்பைக் கரைக்கும் பயிற்சி இல்லை. உங்கள் உழைப்பில் குறையில்லை, அது போய்ச் சேருகிற இடம் வேறு.

க்ரஞ்ச் செய்யும்போது வயிறு எரிவதால் அங்கேதான் கொழுப்பு கரைகிறது என்று தோன்றும். அந்த எரிச்சல் தசைக்குள் நடப்பது. தசையின் மேல் படிந்திருக்கும் கொழுப்பை அந்தத் தசை நேராக எடுத்துத் தின்ன வழியில்லை. கொழுப்பு செல்லுக்குள் கொழுப்பு சேமிக்கப்பட்டிருக்கும் வடிவத்துக்கு ட்ரைகிளிசரைடு என்று பெயர். உடலுக்குச் சக்தி தேவைப்படும்போது அட்ரினலின் போன்ற ஹார்மோன்கள் ரத்தத்தின் வழியே உடம்பு முழுக்கச் செய்தி அனுப்புகின்றன. செல்லுக்குள் ட்ரைகிளிசரைடு உடைந்து கொழுப்பு அமிலமாகவும் கிளிசராலாகவும் வெளியே வருகிறது. அந்தக் கொழுப்பு அமிலம் ஆல்புமின் என்ற புரதத்தோடு ஒட்டிக்கொண்டு ரத்தத்தில் சுற்றி, வேலை செய்துகொண்டிருக்கிற தசைக்குப் போய்ச் சேருகிறது. வயிற்றுத் தசை இன்று எரித்தது தொடையிலிருந்தோ முதுகிலிருந்தோ வந்ததாக இருக்கலாம்.

எந்த இடத்துக் கொழுப்பு முதலில் இறங்கும் என்பதைப் பரம்பரை, ஆணா பெண்ணா என்பது, வயது, ஹார்மோன்கள் எல்லாம் சேர்ந்து தீர்மானிக்கின்றன. கொழுப்பு செல்லின் மேல், ஹார்மோனின் செய்தியை வாங்கிக்கொள்ளும் ஏற்பிகள் இரண்டு வகை உண்டு. பீட்டா வகை கொழுப்பை வெளியேவிடச் சொல்லும், ஆல்ஃபா-2 வகை தடுக்கும். பெண்களுக்கு இடுப்பிலும் தொடையிலும் தடுக்கும் வகை அதிகம். அதனால்தான் முகமும் கையும் மெலிந்த பிறகும் தொடை அசையாமல் நிற்கிறது. மாதவிடாய் நின்ற பிறகு கொழுப்பு வயிற்றுப் பக்கம் சேரத் தொடங்குவதும் ஈஸ்ட்ரோஜன் குறைவதால்தான்.

இதை அளந்தே பார்த்திருக்கிறார்கள். டென்னிஸ் ஆடுபவர்களுக்கு மட்டை பிடிக்கும் கை வருடக்கணக்கில் மற்றக் கையைவிடப் பல மடங்கு உழைக்கிறது. 1971இல் வெளிவந்த ஆய்வில் அந்தக் கை சுற்றளவில் பெரிதாக இருந்தது, தோலடிக் கொழுப்பின் தடிமன் மட்டும் இரண்டு கைகளிலும் ஒன்றுதான். 1984இல் 27 நாட்களில் ஒவ்வொருவரும் 5,004 சிட்-அப் செய்த ஆய்வு வந்தது. வயிறு, முதுகு, பிட்டம் மூன்றிலிருந்தும் கொழுப்பு செல்களை எடுத்துப் பார்த்தபோது, மூன்று இடத்திலும் ஒரே மாதிரிதான் சுருங்கியிருந்தன. 2011இல் ஆறு வாரம் வெறும் வயிற்றுப் பயிற்சி செய்தவர்களுக்கு வயிற்றுத் தசையின் தாங்குதிறன் கூடியது, கொழுப்பு குறையவில்லை.

எதிர்ப்பக்கச் சான்றையும் சொல்லிவிடுகிறேன். வேலை செய்யும் தசைக்குப் பக்கத்திலுள்ள கொழுப்பில் ரத்த ஓட்டமும் கொழுப்பு உடைவதும் சற்றே கூடுகின்றன. ஆனால் அந்தக் கூடுதல் வெறும் மில்லிகிராம் கணக்கு. 2023இல் 16 ஆண்களை வைத்து 10 வாரம் நடந்த ஒரு ஆய்வில், வயிற்றுத் தசையை நீண்ட நேரம் இயக்கிய குழுவுக்கு, அப்படிச் செய்யாத குழுவைவிட நடு உடம்பின் (கை, கால், தலை தவிர்த்த பகுதியின்) கொழுப்பு சற்று அதிகமாகக் குறைந்தது. மொத்தக் கொழுப்பு இரு குழுவிலும் ஏறக்குறைய ஒரே அளவில்தான் இறங்கியது. அவ்வளவு சிறிய ஆய்வை நம்பி உங்கள் காலை நேரத்தைச் செலவிடச் சொல்ல மாட்டேன்.

இப்போது உங்கள் 200 க்ரஞ்ச். 70 கிலோ எடையுள்ளவர் சுமார் 10 நிமிடத்தில் முடிப்பார். செலவாவது 40 முதல் 50 கிலோ கலோரி. ஒரு மேசைக்கரண்டி எண்ணெயில் 120 இருக்கிறது. ஒரு நாள்கூட விடாமல் 60 நாள் செய்திருந்தாலும் மொத்தம் 2,700 கிலோ கலோரிதான். ஒரு கிலோ உடல் கொழுப்பில் ஏறத்தாழ 7,700 உண்டு. ஆக இரண்டு மாத உழைப்புக்கு 350 கிராம், அதுவும் தலைமுதல் கால்வரை பங்காகிப் போயிருக்கும். கண்ணாடியில் தெரிய வாய்ப்பே இல்லை. அதற்கிடையில் சாப்பாடு கொஞ்சம் கூடியிருந்தால் அந்த 350 கிராமும் இல்லை.

உண்மையில் குறைப்பது மொத்தக் கலோரிப் பற்றாக்குறை, அதாவது சாப்பிடுவதைவிடச் செலவாவது அதிகமாக இருப்பது. நாளுக்கு 300 முதல் 500 போதும். முதலில் எண்ணெயைப் பாருங்கள், ஏனென்றால் அது கண்ணுக்குத் தெரியாமல் போகிறது. நான்கு பேர் உள்ள வீட்டில் மாதம் நான்கு லிட்டர் தீர்கிறது என்றால் ஆளுக்கு ஒரு நாளைக்கு 33 மில்லி, ஏறத்தாழ 275 கிலோ கலோரி. அதைப் பாதியாக்கினால், தட்டில் ஒரு கவளம்கூடக் குறைக்காமல் 135 மிச்சம். பாட்டிலிலிருந்து அப்படியே ஊற்றாமல் கரண்டியால் அளந்து ஊற்றினாலே பாதி வேலை முடிந்தது. அடுத்தது சோறு. வெந்த சாதம் 100 கிராமுக்கு 130. இரண்டாம் முறை போட்டுக்கொள்கிற ஒரு கரண்டியை விட்டு, அந்த இடத்தில் சுண்டல், முட்டை, மீன், பருப்பு வையுங்கள். புரதம் உடல் எடையில் கிலோவுக்கு 1.2 முதல் 1.6 கிராம் வரை தேவை (சிறுநீரகக் கோளாறு இருந்தால் மருத்துவரிடம் கேட்காமல் கூட்ட வேண்டாம்). ஒரு முட்டையில் 6 கிராம்தான் இருக்கிறது, கணக்குப் போட்டால் நம்மில் பலர் பாதியைக்கூட எட்டுவதில்லை என்பது புரியும். புரதமும் பளுப்பயிற்சியும் இல்லாமல் பட்டினி கிடந்தால் கொழுப்போடு தசையும் போகும். எடை இறங்கியும் வயிறு தொளதொளவென்று நிற்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

பயிற்சியில் பெரிய தசைகளுக்கு வேலை கொடுங்கள். வாரம் மூன்று நாள் ஸ்குவாட் (உட்கார்ந்து எழுவது), புஷ்-அப், டம்பெல் ரோ (குனிந்து நின்று டம்பெல்லை இடுப்புப் பக்கம் இழுப்பது), டெட்லிஃப்ட் (தரையிலிருந்து எடையைத் தூக்கி நிமிர்வது). ஒவ்வொன்றும் மூன்று செட் (இடையில் ஓய்வெடுக்கும் சுற்று), செட்டுக்கு 8 முதல் 12 முறை. கடைசியில் இன்னும் ஒன்றிரண்டு முறைதான் செய்ய முடியும் என்ற நிலையில் நிறுத்த வேண்டும், பன்னிரண்டுக்கு மேலும் சுலபமாகப் போனால் எடை போதவில்லை. மற்ற நாட்களில் 40 நிமிட வேக நடை. பேச முடியும், பாட முடியாது என்கிற வேகம். குடலைச் சுற்றியுள்ள உள்கொழுப்பு இப்படிப்பட்ட நடைக்கு நன்றாகவே இறங்கும். சர்க்கரை நோய்க்கும் இதய நோய்க்கும் வழிவிடுவது அதுதான் என்பதால், வெளியே மடிப்பு தெரிந்தாலும் இந்த மாற்றம் பெரியது. வயிற்றில் பெல்ட் கட்டி வியர்ப்பதில் போவது தண்ணீர் மட்டும், இரண்டு தம்ளர் குடித்ததும் திரும்பிவிடும்.

அளவெடுப்பதிலும் பலர் தவறுகிறார்கள். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவில் டேப்பை வையுங்கள். காலையில், சாப்பிடும் முன், இயல்பாக மூச்சை வெளிவிட்டு முடிக்கும்போது பார்க்க வேண்டும். முதுகுப் பக்கம் டேப் கீழே சரிந்தால் ஓரிரு சென்டிமீட்டர் மாறிவிடும். தெற்காசியர்களுக்கு ஆண்கள் 90, பெண்கள் 80 சென்டிமீட்டரைத் தாண்டினால் கவனிக்க வேண்டிய அளவு. ஒரு கிலோ எடைக்கு ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் இறங்கும் என்று எதிர்பாருங்கள். தினமும் அளக்காதீர்கள், இரண்டு வாரத்துக்கு ஒருமுறை போதும்.

குழந்தை பெற்றவர்களுக்கு ஒன்று. வயிறு முன்தள்ளி நிற்பது எப்போதும் கொழுப்பாக இருக்காது. மல்லாந்து படுத்து, முழங்காலை மடக்கி, தொப்புளுக்கு மேலே நடுக்கோட்டில் விரல்களைக் குறுக்காக வைத்துத் தலையை மட்டும் லேசாகத் தூக்குங்கள். இரண்டு விரலுக்கு மேல் உள்ளே இறங்கினாலோ, நடுவில் மேடு கூம்பாக எழும்பினாலோ வயிற்றுத் தசைகள் விலகியிருக்கலாம். அப்போது க்ரஞ்சை நிறுத்திவிட்டு பிசியோதெரபிஸ்ட்டிடம் காட்டுங்கள், மேடு எழும்பும் எந்தப் பயிற்சியும் அந்த நிலையில் ஏற்றதல்ல.

உங்களுக்கு அந்தப் பிரச்சினை இல்லையென்றால் க்ரஞ்சை அடியோடு விட வேண்டியதில்லை. வாரம் இருமுறை, மூன்று செட், செட்டுக்கு 15. கூடவே 30 விநாடி பிளாங்க் (முழங்கையும் கால்விரலும் ஊன்றி உடம்பை நேராக நிறுத்துவது) மூன்று முறை. மிச்சமாகும் அந்த தினசரி 10 நிமிடத்தை நடையில் சேருங்கள்.