கனடாவின் பிராம்ப்டனில் உள்ள உணவகத்தில் சமையல் வேலை, எல்எம்ஐஏ என்ற அனுமதிக் கடிதத்துக்கு 12 லட்சம் ரூபாய் என்கிறார் ஏஜென்ட். 6 சதவீத வேலையின்மை விதி இருக்கும்போது இது நடக்குமா?

முதலில் பணத்தைக் கட்டிவிடாதீர்கள். மற்றதைப் பிறகு பேசுவோம்.

திருச்சியில் பத்து வருடம் சமையல் வேலை பார்த்ததாகவும், மணிக்கு 18 டாலர் சம்பளம் என்று ஏஜென்ட் சொன்னதாகவும் எழுதியிருக்கிறீர்கள். நானும் அடுப்படி ஆள்தான். 2023இல் புதுக்கோட்டையிலிருந்து டொரன்டோவின் ஸ்கார்பரோ பகுதிக்கு இதே வகை ஒர்க் பெர்மிட்டில் வந்தேன். நீங்கள் கேட்கும் அந்த விதிதான் என்னை டொரன்டோவிலிருந்து 700 கிலோமீட்டர் வடக்கே கொண்டுவந்து விட்டது.

வெளிநாட்டிலிருந்து ஆள் எடுக்க நினைக்கும் முதலாளி, இங்கே அந்த வேலைக்கு ஆள் கிடைக்கவில்லை என்று மத்திய அரசிடம் நிரூபித்து வாங்கும் கடிதம்தான் எல்எம்ஐஏ. 2024 செப்டம்பர் 26 முதல், வேலையின்மை 6 சதவீதமோ அதற்கு மேலோ இருக்கும் பெருநகர வட்டாரங்களில், குறைந்த சம்பள வேலைகளுக்கான விண்ணப்பத்தை அரசு பரிசீலனைக்கே எடுப்பதில்லை. பெருநகர வட்டாரம் என்பது ஒரு நகரமும் அதை ஒட்டிய ஊர்களும் சேர்ந்து, மொத்தம் குறைந்தது ஒரு லட்சம் பேர் வாழும் பகுதி. மூன்று மாதத்துக்கு ஒருமுறை பட்டியல் மாறும். டொரன்டோ வட்டாரத்தின் வேலையின்மை 2025இல் 8 சதவீதத்தைத் தாண்டியது.

உங்கள் ஏஜென்ட், "டொரன்டோவுக்குத்தான் சார் தடை, இது பிராம்ப்டன்" என்று சொல்லக்கூடும். பிராம்ப்டன், மிசிசாகா, மார்க்கம், ஏஜாக்ஸ் எல்லாமே டொரன்டோ வட்டாரக் கணக்கில்தான் வருகின்றன. விட்பி மட்டும் ஒஷாவா கணக்கு, பர்லிங்டன் ஹாமில்டன் கணக்கு. கம்பெனியின் தலைமை அலுவலகம் எங்கே என்பது பொருட்டில்லை. நீங்கள் நிற்கப்போகும் அடுப்பு எங்கே இருக்கிறது என்பதுதான் கேள்வி. "உணவுத் துறைக்கு விலக்கு உண்டு" என்றும் சொல்வார்கள். விவசாயம், கட்டுமானம், மருத்துவமனை, முதியோர் இல்லம் ஆகியவற்றோடு உணவு பதப்படுத்தும் ஆலைகளுக்கும் விலக்கு இருப்பது உண்மை. உணவகத்துக்கு இல்லை.

18 டாலர் குறைந்த சம்பளமா என்றால், ஆம். 2025 ஜூன் 27 முதல், இந்த ஊர்கள் எல்லாம் இருக்கும் ஒன்டாரியோ மாகாணத்தில் மணிக்கு 36 டாலருக்குக் கீழே எதுவுமே குறைந்த சம்பளப் பிரிவுதான்.

என் கதைக்கு வருகிறேன். நான் வந்த சமயம் இந்தத் தடை இல்லை. 2014இல் ஜேசன் கென்னி வேலைவாய்ப்பு அமைச்சராக இருந்தபோது உணவகம், விடுதி, சில்லறைக் கடை வேலைகளுக்கு இதே 6 சதவீத விதியைக் கொண்டுவந்தார்கள். கொரோனாவுக்குப் பிறகு ஆள் பஞ்சம் என்று 2022இல் அதை எடுத்துவிட்டார்கள். அந்த இடைவெளியில் நுழைந்தவர்களில் நானும் ஒருவன். பெர்மிட் இரண்டு வருடத்துக்கு. 2025இல் புதுப்பிக்கப் போனபோதுதான் தெரிந்தது, ஏற்கெனவே அதே அடுப்பில் நிற்பவனுக்கும் புது எல்எம்ஐஏ வேண்டும், அதற்கும் இதே தடை என்று.

ஓனர் யாழ்ப்பாணத்துக்காரர், நல்ல மனிதர். நான்கு வாரம் விளம்பரம் போட்டு, வந்தவர்களை நேர்காணல் செய்து, தோசைக்கல்லில் நின்று பழகியவர் ஒருவரும் இல்லை என்று எல்லாம் எழுதி வைத்திருந்தார். ஒரு நாள் கடை சாத்தியபின் உட்காரவைத்துச் சொன்னார்: "தம்பி, உன்னை அனுப்ப எனக்கு விருப்பமில்லை. ஆனா அவங்கள் ஃபைலையே திறக்கிறாங்கள் இல்லை." அவர் தேடியது உண்மையா பொய்யா என்று யாரும் பார்க்கவில்லை. ஊர் பட்டியலில் இருந்தது, அவ்வளவுதான்.

அப்போது ஒருவர் வந்து வேறு வழி சொன்னார். காகிதத்தில் 36 டாலர் சம்பளம் காட்டினால் அது உயர்ந்த சம்பளப் பிரிவாகிவிடும், அதற்கு இந்தத் தடை இல்லை. மாதாமாதம் மிச்சத்தை ரொக்கமாகத் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்றார். ஓனரும் நானும் மறுத்துவிட்டோம். பிடிபட்டால் அவருக்கு அபராதம், எனக்கு நாடு திரும்பும் டிக்கெட். உங்களிடமும் திடீரென்று சம்பளத்தை ஏற்றிச் சொன்னால் இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

கடைசியில் டிம்மின்ஸ் என்ற ஊரில் ஒரு விடுதியின் சமையலறையில் வேலை கிடைத்தது. தங்கச் சுரங்க ஊர், ஒரு லட்சம் பேர் இல்லாததால் பெருநகரப் பட்டியலிலேயே வராது. முறையாக எல்எம்ஐஏ வாங்கினார்கள். ஒரே வருடத்துக்குத்தான், இப்போது குறைந்த சம்பளப் பிரிவில் அதற்கு மேல் தருவதில்லை. நான் சேர்ந்தபோது, மொத்த ஆட்களில் 10 சதவீதத்துக்கு மேல் இப்படி எடுக்கவும் முடியாது. ஜனவரியில் மைனஸ் 30 போகும். பேச்சுத்துணைக்கு ஒரு தமிழர் கிடையாது. வேலை வேலையாக இருக்கிறது.

இந்த விதியே அநியாயம் என்று நான் சொல்ல மாட்டேன். ஸ்கார்பரோவில் எங்கள் கடைக்கு வாராவாரம் பயோடேட்டாவோடு வந்த பிள்ளைகளில் பாதிப் பேர் நம் தமிழ்ப் பிள்ளைகள். 2025 ஜூலையில் கனடாவில் 15 முதல் 24 வயதினரின் வேலையின்மை 14.6 சதவீதம். அவர்களைத் தாண்டி, ஒரே முதலாளியிடம் கட்டுண்டு வாய் திறக்க முடியாத ஆளை வெளியிலிருந்து கூட்டிவருவது சரியில்லை. எனக்கு ஆறாதது ஒன்றுதான். புதிதாக வருபவரையும், இரண்டு வருடம் வரி கட்டி உழைத்தவரையும் ஒரே கோட்டில் நிறுத்துகிறார்கள். அப்படித் திரும்பிப் போன மூன்று பேரை நான் விமான நிலையத்தில் வழியனுப்பியிருக்கிறேன்.

இனி உங்கள் 12 லட்சம். ஒரு விண்ணப்பத்துக்கு அரசு வாங்கும் கட்டணம் 1,000 டாலர், அதையும் முதலாளிதான் கட்ட வேண்டும், உங்களிடம் வசூலிப்பது சட்டவிரோதம். குறைந்த சம்பளப் பிரிவில் போகவர விமான டிக்கெட்டும் அவர் பொறுப்புதான். 12 லட்சம் என்றால் சுமார் 19,000 டாலர். மணிக்கு 18 டாலர், வாரம் 40 மணி நேரம், வருடம் முழுக்க உழைத்தாலும் பிடித்தத்துக்கு முன் 37,440 டாலர்தான். பெர்மிட் ஒரு வருடம். பாதி சம்பளத்தை ஏறும் முன்பே கொடுத்துவிட்டு வருகிறீர்கள். எல்எம்ஐஏ வேலை இருந்தால் பி.ஆருக்கு, அதாவது நிரந்தரமாகத் தங்கும் உரிமைக்கு, 50 பாயின்ட் கிடைக்கும் என்று ஆசை காட்டினால், அந்தப் பாயின்டை 2025 மார்ச் 25இலேயே எடுத்துவிட்டார்கள்.

ஏஜென்டிடம் உணவகத்தின் முழு முகவரியைத் தபால் குறியீட்டோடு கேளுங்கள். தர மறுத்தால் அதோடு விட்டுவிடுங்கள். தந்தால், ஊர்ப் பெயரையும் சொன்ன சம்பளத்தையும் இங்கே எழுதுங்கள். எந்த வட்டாரம், இந்தக் காலாண்டில் என்ன விகிதம் என்று நான் பார்த்துச் சொல்கிறேன். இரவு வேலை முடிய பதினொன்றாகும், அதற்குப் பிறகுதான் பதில் வரும்.