க்ளவுஸை மாற்றியும் விரல் நுனி வெடிக்கிறதே?

கேள்வி: நான் பல் மருத்துவர். சில மாதங்களாக இடது கைக் கட்டைவிரல், ஆள்காட்டி விரல் நுனிகளில் தோல் உரிந்து வெடிக்கிறது, மரத்தும் போகிறது. லேடெக்ஸை விட்டு நைட்ரைல் க்ளவுஸுக்கு மாறியும் குணமில்லை. மெடிக்கல் ஷாப்பில் வாங்கிய க்ரீம் போட்டால் ஆறுகிறது, நிறுத்தினால் திரும்ப வருகிறது. இது க்ளவுஸ் அலர்ஜிதானா?

பதில்: எனக்கு க்ளவுஸைவிட உங்கள் பாண்டிங் ஏஜென்ட் (ஃபில்லிங்கைப் பல்லில் ஒட்டவைக்கும் திரவம்) மேல்தான் சந்தேகம். லேடெக்ஸ் புரதம் ஒத்துக்கொள்ளாதவருக்கு, போட்ட சில நிமிடங்களிலேயே அரிப்பும் தடிப்பும் வரும். சிலருக்குத் தும்மல், மூச்சிரைப்பும் சேரும். ரப்பரில் சேர்க்கும் தையூரம் போன்ற ரசாயனங்களால் வரும் அலர்ஜி பெரும்பாலும் புறங்கையிலும் மணிக்கட்டிலும் தெரியும். (இவ்வகை ரசாயனங்கள் பல நைட்ரைல் க்ளவுஸிலும் உண்டு.) உங்களுக்கோ இரண்டு விரல் நுனி மட்டும், அதுவும் மரத்துப்போகிறது. பாண்ட் பாட்டிலையும், ஃபில்லிங் செய்யும்போது பல்லைச் சுற்றிப் போடும் மேட்ரிக்ஸ் பேண்டையும் பிடிக்கிற விரல்கள் அவைதானே?

பெரும்பாலான பாண்டில் ‘ஹெமா’ (HEMA) என்ற மெத்தாக்ரிலேட் வகை ரசாயனம் இருக்கிறது. லைட் அடித்து முழுதாக இறுகிய பிறகு அதனால் பெரிய தொல்லை இல்லை. திரவமாக இருக்கும்போது மெல்லிய க்ளவுஸைச் சில நிமிடங்களில் ஊடுருவிவிடும். நைட்ரைலும் இதற்கு விலக்கல்ல. இரண்டு க்ளவுஸ் போட்டால் சற்று அவகாசம் கிடைக்கும், அவ்வளவுதான். ஜெல் நெயில் பாலிஷ் போட்டுக்கொள்பவர்களின் விரல்களைப் பதம்பார்ப்பதும் பல நேரம் இதே ஹெமாதான்.

எனவே தொடாமல் வேலை செய்யப் பழகுங்கள். பாட்டில் கழுத்தில் வழிந்ததை உதவியாளர் வெறும் கையால் துடைக்க விடாதீர்கள். காம்போசிட்டை (பல் நிற ஃபில்லிங் பொருளை) விரலால் உருட்டவோ அழுத்தவோ வேண்டாம். க்ளவுஸில் ஒரு சொட்டு பட்டாலும் உடனே கழற்றிக் கையைக் கழுவிவிட்டுப் புதிது போடுங்கள்; ‘இந்த ஃபில்லிங் முடியட்டும்’ என்று இருக்காதீர்கள்.

உறுதி செய்ய, தோல் மருத்துவரிடம் பேட்ச் டெஸ்ட் செய்யுங்கள். வழக்கமான பட்டியலில் ஹெமா இல்லாமல் போகலாம். மெத்தாக்ரிலேட்டுகளையும் ரப்பர் ரசாயனங்களையும் சேர்க்கச் சொல்லுங்கள். சந்தேகப்படும் ரசாயனங்களைச் சிறிதளவு முதுகில் ஒட்டி, இரண்டாம் நாளும் நான்காம் நாள் வாக்கிலும் பார்ப்பார்கள். அதுவரை முதுகு நனையக் கூடாது. நம் ஊர் வெயிலில் கொஞ்சம் கஷ்டம்தான். சோதனைக்காக நீங்களே பாண்டைத் தோலில் தடவிப் பார்க்காதீர்கள், அதனாலேயே அலர்ஜி வந்துவிடலாம். ஹெமா என்று உறுதியானால் அந்த அலர்ஜி ஆயுளுக்கும் ஒட்டிக்கொள்ளும். வேறு கம்பெனி பாண்ட் வாங்குவதால் மட்டும் தப்ப முடியாது.

கடை க்ரீமை நிறுத்துங்கள். வீரியமான ஸ்டீராய்டாக இருக்கலாம், தொடர்ந்தால் தோல் மெலியும். அழுக்குப் படாத கைக்கு ஆல்கஹால் ஹேண்ட் ரப் போதும், சோப்பைவிட அது தோலுக்கு மென்மை. அது வெடிப்பில் பட்டு எரிந்தால் அலர்ஜி என்று அர்த்தமில்லை. ஈரக் கையில் க்ளவுஸ் வேண்டாம். இரவில் வாஸ்லைன் தாராளமாகத் தடவலாம். லேடெக்ஸ் போடும் முன் மட்டும் கூடாது, ரப்பர் நைந்துவிடும்.

புண் ஆறிய பிறகும் மரமரப்பு சில வாரங்கள் நீடிக்கலாம். ஆனால் அது உள்ளங்கைக்குப் பரவினாலோ, இரவில் தூக்கத்தைக் கெடுத்தாலோ மணிக்கட்டு நரம்பையும் பரிசோதித்துவிடுங்கள்.