ஏழு வகைப் பலகாரமும் ஒற்றை ஆளும்

காரைக்குடிப் பக்கத்திலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். வயது 58. தீபாவளிக்குச் சென்னையிலிருந்து மகன் குடும்பம், சிங்கப்பூரிலிருந்து மகள் குடும்பம், கொழுந்தனார் வீடு என்று 14 பேர் வந்து 4 நாள் தங்குகிறார்கள். மாமியார் காலத்திலிருந்து ஏழு வகைப் பலகாரம். போன வருஷம் தீபாவளி சாயங்காலம் எல்லாரும் வளவில் (நடு முற்றத்தைச் சுற்றிய கூடத்தில்) உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்க, இவர் மட்டும் அதற்குப் பின்னால் இரண்டாங்கட்டில் முழங்கால் வலியோடு படுத்துத் தூங்கிப்போனாராம். “எதைக் குறைப்பது? குறைத்தால் பேச்சு வராதா?” என்று கேட்கிறார்.

ஆச்சி, முதலில் ஒரு தாளை எடுத்து, எந்தப் பலகாரத்துக்கு எவ்வளவு நேரம் அடுப்புப் பக்கம் நிற்கிறீர்கள் என்று எழுதுங்கள். உங்கள் முழங்காலுக்கு அந்தக் கணக்குதான் தெரியும்.

வெள்ளைப் பணியாரத்தையே எடுத்துக்கொள்வோம். ஆழாக்கில் பச்சரிசியைத் தலைதட்டி அளந்து, அதன் மேலேயே உளுந்தைக் கோபுரமாகக் குவித்து, இரண்டு மணி நேரம் ஊறவைத்து ஆட்டினால் மாவு தயார். புளிக்க வைக்க வேண்டியதுகூட இல்லை. சின்ன வேலைபோலத்தான் தெரியும். ஆனால் ஒரு கரண்டி ஊற்றி, அது எழும்பி வந்து, திருப்பிப் போட்டு, நிறம் மாறுவதற்குள் எடுத்த பிறகுதானே அடுத்த கரண்டி? ஒன்றுக்கு ஒரு நிமிஷம், ஆளுக்கு நாலு, 14 பேர். கிட்டத்தட்ட ஒரு மணி நேரம், அதுவும் எண்ணெய் தேய்த்துக் குளித்த உடம்போடு, எண்ணெய்ச் சட்டி முன்னால். தீபாவளிக் காலையில் இது வேண்டாம். மறுநாள் சாயங்காலம் போடுங்கள், கரண்டியை மகன் கையில் கொடுத்துவிட்டு நீங்கள் நாற்காலியில் உட்கார்ந்து சொல்லிக்கொடுங்கள். முதல் பத்து கோணலாக வரும். வரட்டும்.

காலைக்குக் கவுனி அரிசி போதும். ராத்திரி ஊறவைத்து, ஊறிய தண்ணீரோடு குக்கரில் வேகவிட்டு, சர்க்கரையும் தேங்காய்த் துருவலும் நெய்யும் சேர்த்தால் முடிந்தது. பக்கத்தில் நிற்க வேண்டியதில்லை. அதனுடன் இட்லி.

அதிரசத்தை விட மனசு வராது, தெரியும். ஆனால் ஐப்பசியில் அடைமழை. ஊறவைத்த அரிசியை நிழலில் உலர்த்தி, கொஞ்சம் ஈரம் இருக்கும்போதே இடிக்க வேண்டும். மழை நாளில் அந்தப் பதம் கைக்கு வராது. வெயில் காணும் நாளாகப் பார்த்து ஒரு வாரம் முன்பே பாகு காய்ச்சி மாவைக் கிளறி வைத்துவிடுங்கள். இருக்க இருக்க மாவு பதப்படும். சுடும்போது எண்ணெயில் பிரிந்துபோனால் பாகு இளம்பதம் என்று அர்த்தம். கொஞ்சம் அரிசி மாவு சேர்த்துப் பிசைந்தால் சரியாகும். இதற்காக இன்னொரு பாகு காய்ச்ச உட்காராதீர்கள்.

மாவுருண்டை உங்கள் கட்சி. வறுத்த பாசிப்பருப்பு மாவு, பொடித்த சர்க்கரை, சூடான நெய். வளவில் பாய் விரித்து உட்கார்ந்து பேரப்பிள்ளைகளோடு பிடிக்கலாம். ஆக, தீபாவளிக்கு முன் நீங்கள் வீட்டில் செய்வது அதிரசமும் மாவுருண்டையும்தான்.

மனகோலம், சீப்புச் சீடை, கைமுறுக்கு எல்லாம் வெளியே சொல்லிவிடுங்கள். வெளியே வாங்கிவிடலாம் என்று உங்கள் வீட்டுக்காரர் சொன்னது சரிதான், அவர் சொன்ன நேரம்தான் சரியில்லை போலிருக்கிறது. காரைக்குடியில் பலகாரம் போட்டுக்கொடுக்கிறவர்களுக்கா பஞ்சம்? இரண்டு வாரம் முன்பே சொல்லி, என்றைக்குச் சுட்டது என்று கேட்டு வாங்குங்கள். சீப்புச் சீடைக்குத் தேங்காய்ப்பால் ஊற்றியிருந்தால் சீக்கிரம் காறிப்போகும், அதைக் கடைசியாக வாங்குங்கள்.

வீடு சுத்தம் செய்வதைப் பற்றி நீங்கள் ஒரு வரிதான் எழுதியிருக்கிறீர்கள், ஆனால் பாதி வலி அங்கேதான் என்று நினைக்கிறேன். முகப்பு, வளவு, படுக்க நாலு அறை. மற்ற அறைகளின் பூட்டைத் தொடாதீர்கள். தை பிறக்குமுன் போகிக்கு எப்படியும் எல்லாவற்றையும் திறந்து தட்டப்போகிறீர்கள். மழை ஈரத்தில் இப்போது ஒருமுறை எதற்கு? பரணிலிருந்து பித்தளைச் சாமான்களை இறக்குவதும் அப்படித்தான். ஆத்தங்குடிக் கல்லுக்கு வெறும் தண்ணீரில் துடைப்பு போதும். சீக்கிரம் பளிச்சென்று ஆகட்டும் என்று ஆசிட் மட்டும் ஊற்றிவிடாதீர்கள், சிமெண்டு கல் அரித்துப்போகும்.

அப்புறம் பேச்சு. வந்த பிறகு தெரிந்தால்தான் பேச்சு வரும். முன்கூட்டியே கொழுந்தனார் வீட்டுக்குப் போன் போட்டு, “இந்த வருஷம் எனக்கு முழங்கால் முடியலை, தேன்குழல் நீங்க பிழிஞ்சு கொண்டுவந்துடுங்க” என்று சொல்லுங்கள். முடியுமா என்று கேட்க வேண்டாம். கல்யாணத்துக்கு இசைகுடிமானம் (இரு வீட்டாரும் சம்மதித்து எழுதிக்கொள்ளும் பத்திரம்) எழுதுகிற வழக்கம் நகரத்தாராகிய நமக்கு. யார் என்ன கொண்டுவருவது என்று தீபாவளிக்கு ஒரு தாள் எழுதி எல்லாருக்கும் வாட்ஸ்அப்பில் அனுப்பினால் யாரும் தப்பாக எடுக்கமாட்டார்கள்.

இன்னொன்று. தீபாவளி முடிந்ததும் திருக்கார்த்திகை, மறுநாளிலிருந்து 21 நாள் பிள்ளையார் நோன்பு, அப்புறம் பொங்கல். எல்லாவற்றுக்கும் இதே 14 பேருக்கு இதே அளவில் செய்ய உங்களால் முடியாது. மகளுக்கு வருஷத்துக்கு ஒருமுறைதான் லீவு என்றால், எந்த நாளுக்கு வருவது என்று அவளிடமே கேளுங்கள். என்னைக் கேட்டால் பிள்ளையார் நோன்பு முடிவில் இழை (மாவில் வைத்து ஏற்றிய நூல் திரி) எடுத்துக்கொள்ளும் நாளுக்கு வரச் சொல்வேன். தீபாவளி எந்த ஊரிலும் கிடைக்கும். ஆவாரம்பூ வைத்து, மாவில் திரி ஏற்றி, வீட்டில் பெரியவர் கையால் இழை வாங்கிக்கொள்வது அவளுக்குச் சின்ன வயசு ஞாபகமாக இருக்கும். சமையலும் அன்றைக்குக் குறைவு. அவள் டிக்கெட் போடுமுன் பேசிவிடுங்கள்.