கணக்கு குரூப் எடுக்க மூளை டெஸ்ட் வேண்டுமா?

மஞ்சக்குப்பத்திலிருந்து எழுதிய அம்மாவுக்கு வணக்கம்.

பத்தாவது படிக்கும் மகள் கணக்கை மெதுவாகப் போடுகிறாள் என்று டியூஷன் சார் குறைப்படுகிறார். புதுச்சேரியில் கைரேகை பதிந்து மூளைத் திறனைச் சொல்கிறார்களாம், கூட்டிப் போகலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம்மா. விரல் ரேகைக்கும் கணக்குக்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை. பஸ் காசாவது மிஞ்சட்டும்.

மூளையை நிஜமாகவே ஸ்கேன் செய்து ஆராய்ந்தவர்களும் உண்டு. அமெரிக்காவில் ரிச்சர்ட் ஹையர் என்ற உளவியலாளரின் குழு, மூளை எவ்வளவு சர்க்கரையை எரிக்கிறது என்று காட்டும் பெட் ஸ்கேனை 1988இல் எடுத்தது. வடிவப் புதிர்களை நன்றாகப் போட்டவர்களின் மூளை குளுக்கோஸை அதிகம் அல்ல, குறைவாகவே எரித்தது. ஆனால் இந்தச் சிக்கனம் சுலபமான, நடுத்தரமான கேள்விகளோடு சரி. கேள்வி ரொம்பக் கடினமானால் கெட்டிக்காரப் பிள்ளையின் மூளைதான் கூடுதலாக உழைக்கிறது என்று பின்னாளைய ஆய்வுகள் பல சொல்கின்றன. ஆக, திணறி யோசிப்பதை வைத்து மட்டும் 'கணக்கு வராது' என்று முடிவு கட்ட முடியாது. இவையெல்லாம் பலரைச் சேர்த்துப் பார்த்த சராசரிகளும்கூட. ஒரு பிள்ளையின் ஸ்கேனைப் பார்த்து எந்த குரூப் என்று எந்த டாக்டராலும் சொல்ல முடியாது.

வீட்டிலேயே ஒன்று செய்து பாருங்கள். 3×5+1, 5×7+1, 7×9+1 என்று எழுதிக் கொடுங்கள். 16, 36, 64 என்று விடை வரும். பிறகு வாயைத் திறக்காதீர்கள் (அதுதான் கஷ்டம்!). எல்லாமே வர்க்க எண்கள் என்று கண்டாலே நல்லது. நடுவிலுள்ள 4, 6, 8இன் வர்க்கம் என்று பிடித்தால் இன்னும் நல்லது. யாரும் கேட்காமலே 'இரட்டை எண்ணுக்கும் வருமா?' என்று 4×6+1 போட்டுப் பார்த்து, ஏன் என்று யோசித்து, நடு எண்ணை n என்று வைத்து (n−1)(n+1) = n²−1 என்பதில் போய் நின்றால், அரை மணி ஆனாலும் கவலையே இல்லை, கணக்கு குரூப்பில் சேருங்கள்.

அப்படிப்பட்ட பிள்ளைக்கு கணித ஒலிம்பியாட் போட்டியின் முதல் சுற்றான ஐஓக்யூஎம் (IOQM) தேர்வு உண்டு. பிளஸ் டூவுக்குப் பின் கணக்கையே பட்டப்படிப்பாகப் படிக்க, சிறுசேரியில் சென்னை கணிதவியல் கழகம் (CMI) என்ற கல்வி நிறுவனம் இருக்கிறது. அதன் நுழைவுத் தேர்வில் ஒரு பகுதிக்கு விடை மட்டும் போதாது, போட்ட வழியையும் விளக்கி எழுத வேண்டும்.

பொதுத் தேர்வுக்கு வேகமும் தேவைதான். அதற்குப் பழைய வினாத்தாள்களை வாரம் ஒன்றாகக் கடிகாரம் வைத்துப் போடச் சொல்லுங்கள். மற்ற நாட்களில் கடிகாரம் வேண்டாம்.